பயிர் காக்கச் சுடுபவருக்கு: தோட்டாவையும் சோக்கையும் தேர்ந்தெடுப்பது எப்படி?

விதைத்த வயலில் இறங்கும் புறாக் கூட்டம், முளைவிட்டதைக் கடித்துத் தீர்க்கும் முயல், கோழிக்குஞ்சைத் தூக்கும் காகம். இவற்றைக் கட்டுப்படுத்த ஷாட்கன் எடுக்கும் புதியவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடு கடைக்குள் நுழைகிறார்கள்: "இருப்பதிலேயே பலமான தோட்டா எது?" கூடவே குழலில் முழு சோக்கையும், அதாவது குழல்வாயை அதிகம் ஒடுக்கும் பாகத்தையும், மாட்டிக்கொள்வார்கள். இந்த இரண்டும் சேர்ந்தால், பக்கத்தில் வரும் பறவை தப்பிவிடும், எட்டத்தில் போகும் பறவை காயத்தோடு பறந்துவிடும், சாயங்காலம் தோளும் வலிக்கும். பயிர்ப் பாதுகாப்புக்காகச் சுடுவதில் பெரும்பங்கு 20 முதல் 35 மீட்டருக்குள் முடிந்துவிடுகிறது. அந்தத் தூரத்துக்கு நடுத்தரமான தோட்டாவும் திறந்த சோக்கும் தாராளமாகப் போதும். எந்த ஜோடி உங்கள் துப்பாக்கிக்குப் பொருந்தும் என்று கடைசியில் சொல்லப்போவது, ஒரு பெரிய தாளில் நீங்களே சுட்டுப் பார்க்கும் பரவல்தான், அதாவது தோட்டாவின் சிறு உருண்டைகள் தாளில் விரிந்து விழும் விதம்.

அதற்கு முன்னால் சட்டம். துப்பாக்கி உரிமம், நிலத்துக்காரரின் அனுமதி, அந்த உயிரினத்தை அந்த மாதத்தில் சுடலாமா என்ற விதி ஆகிய மூன்றும் நாட்டுக்கு நாடு மாறும். ஓரிடத்தில் பயிர்ப்பகையாகக் கருதப்படும் பறவை இன்னோரிடத்தில் பாதுகாக்கப்பட்ட இனமாக இருக்கும். இதை எழுத்தில் உறுதிப்படுத்திக்கொண்ட பிறகு மேலே படியுங்கள்.

படி 1: முதலில் குழலைப் படியுங்கள்

தோட்டா வாங்கும் முன் துப்பாக்கியைக் காலி செய்து, மடித்துத் திறந்து, குழலின் அடிப்பகுதியில் பொறித்திருப்பதைப் பாருங்கள். 12 போர், 20 போர், 28 போர் என்று குழலின் அளவு இருக்கும். ஒரு பவுண்டு ஈயத்தைச் சம அளவுள்ள 12 உருண்டைகளாக்கினால், ஓர் உருண்டையின் குறுக்களவு 12 போர் குழலுக்குச் சரியாக இருக்கும். அதனால்தான் எண் ஏற ஏறக் குழல் ஒடுங்குகிறது. 12 போர் ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர், 20 போர் 15.6 மில்லிமீட்டர். .410 மட்டும் இந்தக் கணக்கில் சேராது. அது அங்குலத்தில் சொன்ன நேரடிக் குறுக்களவு.

அடுத்து தோட்டா அறையின் நீளம். 65, 70, 76 அல்லது 89 மில்லிமீட்டர் என்று இருக்கும். அங்குலத்தில் இரண்டரை, இரண்டே முக்கால், மூன்று, மூன்றரை. 12/70 என்று பொறித்திருந்தால் 12 போர், 70 மில்லிமீட்டர் அறை. இங்கே புதியவர்கள் ஏமாறும் ஓர் இடம் உண்டு. பெட்டியில் எழுதியிருப்பது, சுட்டு முடித்து முனை விரிந்த பிறகு உறைக்கு இருக்கும் நீளம். மடிப்பு விரியாத புதுத் தோட்டா அதைவிடக் குட்டையாக இருக்கும். ஆகவே 76 மில்லிமீட்டர் தோட்டா 70 மில்லிமீட்டர் அறைக்குள் சமத்தாக நுழைந்துவிடும், துப்பாக்கியும் மூடிக்கொள்ளும். சுடும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் அறைக்கு முன்னால் உள்ள ஒடுக்கத்தில் போய் நெருக்கும். அழுத்தம் கண்டபடி ஏறும். "உள்ளே போகிறதே" என்பது எந்தச் சான்றும் ஆகாது. நீளம் குறைந்த தோட்டாவை நீளமான அறையில் சுடுவதில் அந்த ஆபத்து கிடையாது.

பழைய துப்பாக்கி கைக்கு வந்திருந்தால், குறிப்பாக டமாஸ்கஸ் முறையில் முறுக்கிச் செய்த குழலாக இருந்தால், துப்பாக்கிப் பழுது பார்ப்பவரிடம் காட்டாமல் ஒரு தோட்டாவும் சுடாதீர்கள்.

இன்னொன்று. 12 போர், 20 போர் இரண்டும் வீட்டில் இருந்தால் இரண்டின் தோட்டாக்களும் ஒரே பையில் சேரவே கூடாது. 20 போர் தோட்டா 12 போர் குழலுக்குள் வழுக்கிப் போய் அறைக்குச் சற்று முன்னால் மாட்டிக்கொள்ளும். குழல் காலி என்று நினைத்து 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால், குழல் இடது கைக்குப் பக்கத்தில் வெடிக்கும். 20 போர் உறைகளை மஞ்சள் நிறத்தில் செய்யும் வழக்கம் இதைத் தடுக்கத்தான். ஆனால் மாலை மங்கலில் நிறத்தை நம்ப முடியாது.

படி 2: தூரத்தை முடிவு செய்யுங்கள்

எதைச் சுடப் போகிறீர்கள் என்பதைவிட, அது எவ்வளவு தூரத்தில் இருக்கப் போகிறது என்பதே தோட்டாவைத் தீர்மானிக்கிறது. பொம்மைப் புறாக்களை வயலில் வைத்து, மறைவில் உட்கார்ந்து சுட்டால் பறவை 20 முதல் 25 மீட்டரில் இறங்கும். மாலையில் கூடு திரும்பும் புறா மர உச்சிக்கு மேலே காற்றோடு வந்தால் 30 அல்லது 35 மீட்டர். வேலியோரத்தில் கிளம்பி ஓடும் முயல் 15லிருந்து 30 மீட்டர்.

பழகாத கண் தூரத்தைத் தப்பாகத்தான் சொல்லும். திறந்த வானத்தில் போகும் பறவை கிட்டத்தில் இருப்பதுபோலத் தோன்றும். மரக்கிளைகளுக்கு நடுவே வரும் பறவை எட்டத்தில் இருப்பதுபோல. மறைவிடம் அமைத்ததும் 30 மீட்டரை அடியெடுத்து அளந்து, நாலு பக்கமும் ஒரு குச்சி நட்டுவிடுங்கள். குச்சிக்கு அப்பால் இருப்பதைச் சுடாதீர்கள். இந்த ஒரு பழக்கம் காயப்பட்டுத் தப்பும் பறவைகளைப் பாதியாவது குறைக்கும் என்பது என் எண்ணம். சோக்கை மாற்றிக்கொண்டே இருப்பதில் அந்தப் பலன் கிடைக்காது.

படி 3: ரவையின் அளவு

தோட்டாவுக்குள் இருக்கும் சிறு உருண்டைகளை ரவை என்போம். எண் பெரிதானால் ரவை சிறிது. எல்லா நாட்டுக்கும் ஒரே எண் என்று நினைத்துவிடாதீர்கள். பிரிட்டிஷ் 6ஆம் எண் சுமார் 2.6 மில்லிமீட்டர், அமெரிக்க 6ஆம் எண் சுமார் 2.8 மில்லிமீட்டர், அதாவது பிரிட்டிஷ் 5க்குச் சமம். அமெரிக்க எண்ணுக்கு ஒரு சுலபக் கணக்கு உண்டு: 17லிருந்து எண்ணைக் கழித்தால் வருவது ரவையின் குறுக்களவு, ஓர் அங்குலத்தின் நூற்றில் ஒரு பங்குகளில். 17லிருந்து 6 போனால் 11, ஆக 0.11 அங்குலம். இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க ஒரே வழி, எண்ணை விட்டுவிட்டு மில்லிமீட்டரைப் பார்ப்பதுதான். நல்ல பெட்டிகளில் அது அச்சாகியிருக்கும். கீழே நான் சொல்லும் எண்கள் எல்லாம் பிரிட்டிஷ் எண்கள், ரவை ஈயம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஓர் அவுன்ஸில், அதாவது ஏறக்குறைய 28 கிராமில், 7ஆம் எண் ரவை சுமார் 340 இருக்கும். 6ஆம் எண் 270, 5ஆம் எண் 220, 4ஆம் எண் 170. பிபி என்ற பெரிய ரவை வெறும் 70. எல்லாத் தேர்வும் இதற்குள் அடங்கிவிடும். சிறிய ரவை அடர்த்தியாகப் பரவும், ஆனால் ஒவ்வொன்றும் சீக்கிரம் வேகம் இழந்து, தூரத்தில் உள்ளே ஊடுருவாது. பெரிய ரவை ஆழமாகப் போகும், ஆனால் எண்ணிக்கை குறைவதால் பரவலில் பறவை நுழைந்து போகும் அளவுக்கு ஓட்டை விழும். குழல்வாயை விட்டு விநாடிக்கு 400 மீட்டர் வேகத்தில் கிளம்பும் 6ஆம் எண் ரவை, 36 மீட்டர் போவதற்குள் கிட்டத்தட்ட பாதி வேகத்தை இழந்துவிடும். உருண்டை வடிவம் காற்றில் அப்படித்தான். "அதிவேகம்" என்று பெட்டியில் போட்டு விற்கும் தோட்டாவில் புதியவருக்குப் பெரிய லாபம் இல்லாததற்கும் இதுவே காரணம். வேகமாகக் கிளம்பும் ரவை, வேகமாகவே அதை இழக்கிறது. தோளில் இடிப்பது மட்டும் குறையாது.

புறாவுக்கு 6ஆம் எண். பொம்மை வைத்துக் கிட்டத்தில் சுட்டால் 7ம் சரிதான். காகம் கெட்டி உடம்பு, கூர்ந்த கண். கொஞ்சம் தள்ளியே நிற்கும். அதற்கு 6 அல்லது 5. முயலுக்கும் அதேதான். சாம்பல் அணிலின் தோல் பார்ப்பதைவிடத் தடிமன், அதனால் 5 பக்கம் சாயலாம். மரக்கிளையில் இருக்கும் அணிலை நோக்கிச் சுடும்போது ரவை மேலே போய் எங்கே விழும் என்ற கேள்வியும் கூடவே வருகிறது, அதைக் கடைசியில் பார்ப்போம். எலிக்கு 12 போர் எடுப்பது வீண் வேலை. கொட்டகைக்குள் ஏர்கன் போதும், மிஞ்சினால் சின்ன ரவை போட்ட .410.

நரி தனி விஷயம். அதற்கு 36 கிராம் பிபி, அல்லது சுமார் 3.6 மில்லிமீட்டர் கொண்ட 1ஆம் எண். 36 கிராம் பிபியில் ஏறக்குறைய 90 ரவைதான் இருக்கிறது. அதையும் தாண்டி ட்ரிபிள் ஏ என்ற இன்னும் பெரிய ரவைக்குப் போனால் 44, 45 தான். 30 மீட்டருக்கு மேல் அந்தப் பரவலில் நரி முழுசாக நுழைந்து தப்பும், அல்லது வயிற்றில் ஒன்றை வாங்கிக்கொண்டு புதருக்குள் போய்ச் சாகும். என்னைக் கேட்டால் நரிக்கு ஷாட்கன் என்றால் 30 மீட்டர்தான் எல்லை. அதற்கு மேல் ரைஃபிளும் அதில் பழகிய கையும் வேண்டும்.

படி 4: எடை

தோட்டாவில் உள்ள ரவையின் மொத்த எடை 28 கிராமா, 30ஆ, 32ஆ, 36ஆ? எடை கூடினால் ரவை கூடும், கூடவே உதையும் கூடும். வயலில் ஒரு நல்ல நாளில் பெட்டி பெட்டியாகத் தோட்டா செலவாகலாம். மதியத்துக்குள் தோள் புண்ணாகிவிட்டால், விசையை இழுக்கும் நேரத்தில் முகம் தானாகச் சுருங்கும், தலை, தோளில் அணைக்கும் கட்டையை விட்டு எழும், குறி தப்பும். 12 போரில் 28 அல்லது 30 கிராமில் தொடங்குங்கள். உயரத்தில் வரும் புறாவுக்கும் காகத்துக்கும் 32. துப்பாக்கி இலேசாக இருந்தால் இன்னும் கீழே வாருங்கள்.

தானாக உறையை வெளியே தள்ளும் செமி ஆட்டோ வைத்திருப்பவர்கள், மிக இலேசான தோட்டாவில் இயந்திரம் முழுச் சுற்று வராமல் சிக்கலாம் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

20 போரில் 24 முதல் 28 கிராம் போதுமானது. .410 பார்க்க விளையாட்டுப் பொருள் மாதிரி இருப்பதால் அதைச் சின்னப் பையன்கள் கையில் கொடுத்துப் பழக்குகிறார்கள். உண்மையில் அதில் ரவை குறைவு, பரவல் மெல்லிசு; 20, 25 மீட்டருக்குள் நேர்த்தியாகச் சுடத் தெரிந்தவருக்குத்தான் அது ஏற்றது.

படி 5: ஈயமா, எஃகா?

பல இடங்களில் இந்தக் கேள்விக்குச் சட்டமே பதில் சொல்லிவிடுகிறது. அமெரிக்காவில் 1991 முதல் நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவைக்கு நாடு முழுக்கத் தடை. டென்மார்க் 1996இல் ஈய ரவையையே தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 பிப்ரவரி 15 முதல் ஈர நிலங்களிலும் அவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குள்ளும் ஈய ரவை கூடாது. தரையில் விழுந்த ஈய ரவையைப் பறவைகள் கூழாங்கல் என்று நினைத்து விழுங்கி நஞ்சேறிச் சாவதே இதற்கெல்லாம் மூல காரணம். நீங்கள் சுடும் இடத்தில் குளமோ சதுப்போ பக்கத்தில் இருந்தால் முதலில் இதை விசாரியுங்கள்.

ஈயத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம், எஃகுக்கு 7.8. எனவே அதே அளவு எஃகு ரவை எடையில் சுமார் 70 சதவீதம்தான். சீக்கிரம் வேகம் இழக்கும். பரிகாரமாக இரண்டு எண் பெரிய ரவையை எடுக்க வேண்டும்: ஈயத்தில் 6 என்றால் எஃகில் 4. எண்ணிக்கை அவ்வளவாகக் குறையாது, ஏனென்றால் எடை குறைந்த ரவை 28 கிராமில் கூடுதலாக அடங்கும். ஈயம் 6ஆம் எண்ணில் சுமார் 270, எஃகு 4ஆம் எண்ணில் சுமார் 240.

எஃகு நசுங்காது. அதனால் பரவல் ஈயத்தைவிட இறுக்கமாக வரும். கால் சோக்கில் (இந்த அளவுகளைப் படி 6இல் பார்ப்போம்) சுட்ட எஃகு, அரை சோக்கில் சுட்ட ஈயம் போல விழும். அரைக்கு மேல் இறுக்கமான சோக்கில் எஃகு சுட வேண்டிய தேவையே எழாது. ஐரோப்பாவின் சிஐபி (துப்பாக்கிச் சோதனைக்கான அமைப்பு) தரவிதிகளில் இது இன்னும் கண்டிப்பு: 4 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட எஃகு ரவையை அரை சோக்குக்கு மேல் இறுக்கமான குழலில் சுடக் கூடாது. எஃகுத் தோட்டாவில் இரண்டு வகை உண்டு. சாதாரண வகை, நல்ல நிலையில் உள்ள நவீனத் துப்பாக்கிகளுக்குப் பொதுவாக ஏற்றது. உயர்திறன் வகைக்கு அதற்கென்றே சோதித்து முத்திரை இட்ட குழல் வேண்டும். அந்த முத்திரை ஒரு அல்லிப்பூ வடிவம். அது இல்லாத துப்பாக்கியில் அந்தத் தோட்டாவைப் போடாதீர்கள். பழைய மெல்லிய குழல்களுக்கு எஃகே வேண்டாம். பிஸ்மத் ரவை ஈயத்துக்கு நெருங்கியது, அடர்த்தி 9.6க்குப் பக்கம், பழைய குழலுக்கும் கேடில்லை. விலைதான் கையைக் கடிக்கும்.

இன்னொரு விஷயம், எஃகு கெட்டியான பரப்பில் பட்டால் திரும்பித் தெறிக்கும். கல் சுவர், இரும்புத் தகடு, கான்கிரீட் தளம் உள்ள பண்ணைக் கட்டடங்களைச் சுற்றிச் சுடும் இடத்தில் இது பார்வையையே போக்கக்கூடிய விஷயம். பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள், கோணத்தைப் பார்த்துச் சுடுங்கள்.

வெடிமருந்துக்கும் ரவைக்கும் நடுவே இருக்கும் தக்கையும் கவனிக்கத்தக்கது. பிளாஸ்டிக் தக்கை கோப்பை வடிவில் ரவையைப் பிடித்துக்கொண்டு போகும். பரவல் சற்று இறுக்கமாகவும் சீராகவும் வரும். நார்த் தக்கை மண்ணில் மக்கிவிடும். ஆடு மாடு மேயும் நிலத்தில் பிளாஸ்டிக் தக்கைகளைச் சிதறவிட்டால் நிலத்துக்காரர் அடுத்த முறை கதவைத் திறக்க மாட்டார். கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

படி 6: சோக்

குழல்வாய்க்குச் சற்று முன்னால் விட்டம் சிறிது ஒடுங்குகிறது. அந்த ஒடுக்கமே சோக். தோட்டக் குழாயின் முனையை விரலால் அழுத்தினால் நீர் சேர்ந்து பாய்வது போல, ரவைக் கூட்டம் கொஞ்சம் சேர்ந்தே போகிறது. 12 போரில் முழு சோக் என்றால் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 40 பங்கு ஒடுக்கம், ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். முக்கால் 30, அரை 20, கால் 10. ஒடுக்கமே இல்லையென்றால் சிலிண்டர். 3 முதல் 6 வரை இருந்தால் பிரிட்டிஷ் வழக்கில் இம்ப்ரூவ்டு சிலிண்டர்.

அமெரிக்கப் பெயர்கள் வேறு. அங்கே இம்ப்ரூவ்டு சிலிண்டர் என்பது ஏறத்தாழ நம் கால் சோக். மாடிஃபைடு என்றால் அரை, இம்ப்ரூவ்டு மாடிஃபைடு என்றால் முக்கால். கழற்றி மாட்டும் சோக் குழாய்களின் விளிம்பில் சின்ன வெட்டுகளோ நட்சத்திரங்களோ இருக்கும்: ஒன்று என்றால் முழு, இரண்டு முக்கால், மூன்று அரை, நான்கு கால், ஐந்து சிலிண்டர். வெட்டு கூடினால் சோக் திறக்கிறது.

சோக்கை அளக்கும் பழைய முறை, 40 கெஜத்தில், அதாவது 36.5 மீட்டரில், 30 அங்குல வட்டத்துக்குள் (சுமார் 76 சென்டிமீட்டர்) எத்தனை சதவீத ரவை விழுகிறது என்று பார்ப்பது. சிலிண்டரில் 40, இம்ப்ரூவ்டு சிலிண்டரில் 50, கால் 55, அரை 60, முக்கால் 65, முழு சோக்கில் 70. இவை புத்தகக் கணக்கு. உங்கள் குழல் வேறு மாதிரி சொல்லலாம்.

சரி, இதை வைத்து ஒரு கணக்குப் போடுவோம். 28 கிராம் 6ஆம் எண்ணில் 267 ரவை. புறாவுக்கு அந்த வட்டத்துக்குள் 120க்குக் குறையாமல் வேண்டும் என்பது வழக்கமான அளவுகோல். இம்ப்ரூவ்டு சிலிண்டரில் 36 மீட்டரில் 133 விழும், கால் சோக்கில் 147. அதாவது இவ்வளவு திறந்த சோக்கே 36 மீட்டரிலும் வேலையைச் செய்துவிடுகிறது. முழு சோக்கில் 187. அந்தக் கூடுதல் 54 ரவையால் செத்த புறா இன்னும் கூடுதலாகச் சாகப் போவதில்லை.

விலை எங்கே கொடுக்கிறோம் என்றால் கிட்டத்தில். 18 மீட்டரில் இம்ப்ரூவ்டு சிலிண்டரின் பரவல் சுமார் 66 சென்டிமீட்டர் அகலம். முழு சோக்கில் அதே தூரத்தில் 40தான். பரப்பாகப் பார்த்தால் இரண்டரை மடங்குக்கு மேல் வித்தியாசம். பொம்மைப் புறாக்களுக்கு இறங்கும் பறவையை முழு சோக்கால் சுடும் புதியவர், ஒன்று தவறவிடுவார், அல்லது கூழாக்குவார்.

ஆகவே என் பரிந்துரை: பொம்மை வைத்துச் சுட இம்ப்ரூவ்டு சிலிண்டர் அல்லது கால். கூடு திரும்பும் புறாவுக்கும் காகத்துக்கும் அரை. முயலுக்குக் கால். நரிக்கு அரை அல்லது முக்கால்; பெரிய ரவை முழு சோக்கில் ஒன்றோடொன்று நெருக்கி மோசமாகச் சிதறுவதுண்டு, அதனால் தாளில் பார்க்காமல் முழு சோக்கைத் தொடாதீர்கள். இரட்டைக் குழல் என்றால் கால், அரை என்று ஜோடியாக வைத்துவிட்டு அதை மறந்துவிடலாம். ஒவ்வொரு வயலுக்கும் சோக் மாற்றுகிறவர்கள் பறவையைப் பார்ப்பதைவிடச் சோக் கழற்றும் சாவியைத் தேடுவதில்தான் நேரம் கழிப்பார்கள்.

கழற்றும் சோக் வைத்திருந்தால்: துப்பாக்கி காலி, திறந்த நிலை, அப்புறம்தான் சாவி. ஒரு நிறுவனத்தின் சோக் இன்னொன்றின் குழலில் மரைக்குப் பொருந்தாது. பொருந்துவதுபோல் நுழைந்தாலும் நம்பாதீர்கள். சோக் இல்லாமல் ஒரு முறை சுட்டாலே மரை கெடலாம். மெல்லிசாக கிரீஸ் தடவி மாட்டி, நாள் நடுவில் தளர்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

படி 7: தாளில் சுட்டுப் பாருங்கள்

பெரும்பாலோர் தவிர்க்கும் படி இதுதான், மற்றதையெல்லாம்விட அதிகம் கற்றுக்கொடுப்பதும் இதுதான். ஒவ்வொரு பக்கமும் ஒன்றேகால் மீட்டர் உள்ள தாள், நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி, பின்னால் ரவையைத் தாங்கும் மண்மேடு. இரும்புத் தகட்டில் எஃகு ரவையைச் சுட்டுப் பார்க்கும் எண்ணம் வந்தால் அதைக் கைவிடுங்கள், திரும்பி வரும்.

முதலில் 25 மீட்டர், அப்புறம் நீங்கள் சுடப்போகும் அதிகபட்சத் தூரம். ஒவ்வொரு தூரத்திலும் ஒரே தோட்டா, ஒரே சோக், ஒவ்வொரு முறையும் புதுத் தாள், குறைந்தது ஐந்து முறை. ஒரே ஒரு தாளை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள், ஒரே பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு தோட்டாக்கள்கூட வேறு வேறாக விழும். ரவை அதிகம் அடர்ந்த இடத்தை மையமாக வைத்து 76 சென்டிமீட்டர் வட்டம் வரைந்து எண்ணுங்கள். எண்ணும்போது பேனாவால் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போனால் கணக்குத் தப்பாது.

எண்ணிக்கை மட்டும் போதாது. அட்டையில் புறா உருவம் ஒன்றை வெட்டிக்கொண்டு, வட்டத்துக்குள் அங்கங்கே வைத்துப் பாருங்கள். எந்த இடத்தில் வைத்தாலும் உடம்புப் பகுதியில் நாலைந்து ரவை பட்டால் நல்ல பரவல். பல இடங்களில் ஒன்றோ இரண்டோதான் படுகிறது என்றால், அந்தத் தூரம் உங்கள் தோட்டாவுக்குக் கட்டுப்படியாகாது. அப்போது இன்னும் அடர்த்தியான தோட்டாவைத் தேடுவது ஒரு வழி. பறவையை இன்னும் பத்து மீட்டர் நெருங்கவிட்டுச் சுடுவது இன்னும் சுலபமான வழி.

பரவலின் மையம் நீங்கள் குறிவைத்த புள்ளிக்கு நேராக இருக்கிறதா, மேலேயோ பக்கவாட்டிலோ விலகுகிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாத் தாளிலும் ஒரே பக்கம் விலகினால் கட்டை உங்கள் உடம்புக்குப் பொருந்தவில்லை. அதை எந்தத் தோட்டாவும் சரிசெய்யாது, துப்பாக்கிக் கட்டை வேலை தெரிந்த ஒரு நல்ல தச்சர் சரிசெய்வார்.

தாளின் ஓரத்தில் தோட்டாவின் பெயர், கிராம், ரவை மில்லிமீட்டர், சோக், தூரம், தேதி எழுதி ஒரு படம் எடுத்து வையுங்கள்.

படி 8: ரவை எங்கே விழும், குழலில் என்ன நடக்கும்

ரவை அதிகபட்சம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு பிரெஞ்சு ராணுவ அதிகாரி ஜர்னேயின் பெயரால் ஒரு கைக்கணக்கு உண்டு. ஈய ரவையின் குறுக்களவை மில்லிமீட்டரில் எடுத்து 80ஆல் பெருக்கினால் மீட்டரில் கிடைக்கும். 6ஆம் எண் 2.6 மில்லிமீட்டர், ஆக 200 மீட்டருக்குச் சற்று மேல். 4.1 மில்லிமீட்டர் பிபி சுமார் 330 மீட்டர். அந்த வட்டத்துக்குள் வீடு, சாலை, நடைபாதை, வேலையாள் யாராவது இருக்கிறார்களா என்பதை சுடும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். மேலே வானத்தை நோக்கிச் சுட்டது வேகம் இழந்து தூறல்போல விழும். தாழ்வாக வேலியோரமாகச் சுட்டது முழு வேகத்தில் போகும். தாழ்வான சுடல் புதியவர்களுக்கு வேண்டாம் என்பேன், முயலாக இருந்தாலும் பின்னால் மண்ணோ மேடோ தெரிந்தால் மட்டும்.

ஒரு தோட்டா வழக்கத்துக்கு மாறாக மெல்லிய "புஸ்" சத்தத்தோடு சுட்டால், உடனே நிறுத்துங்கள். தக்கை குழலுக்குள் மாட்டியிருக்கலாம். துப்பாக்கியைத் திறந்து, தோட்டாக்களை எடுத்து, குழல் வழியாக வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் கிழியும். விசையை இழுத்தும் ஒன்றும் வெடிக்கவில்லை என்றால், குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்தபடி அரை நிமிடம் காத்திருந்து பிறகு திறங்கள். தாமதமாகப் பற்றும் தோட்டாக்கள் உண்டு. சேற்றில் குழல்வாய் பட்டாலும் இதே சோதனைதான்.

காதுக்குக் கவசம் கட்டாயம். ஷாட்கன் சத்தம் 150 டெசிபலைத் தாண்டும். போன கேட்கும் திறன் திரும்பி வராது.

படி 9: வாங்கி வைப்பது

முதலில் மூன்று நான்கு வகைகளில் ஒவ்வொரு பெட்டி மட்டும் வாங்கித் தாளில் சுட்டுப் பாருங்கள். தேறியதை மட்டும் மொத்தமாக வாங்குங்கள். ஈரமும் வெயிலும் படாத, பூட்டு உள்ள இடத்தில், பெட்டியிலேயே வைத்திருங்கள். உறை உப்பியிருந்தாலும், அடியில் உள்ள உலோகம் பச்சை படிந்திருந்தாலும் அதைச் சுடாமல் கடைக்காரரிடமே ஒப்படைத்துவிடுங்கள். பெட்டியில் உற்பத்தித் தொகுதி எண் அச்சாகியிருக்கும். பெயர் ஒன்றாகவே இருந்தாலும் அந்த எண் மாறினால், வயலுக்குப் போகும் முன் இன்னும் இரண்டு தாள்கள் சுட்டுப் பழைய படங்களோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.